தன் இரண்டு நிமிடத்தைத் தந்த அம்மாவுக்கும், மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்,

2024 ஜூன் 28, வெள்ளிக்கிழமை, நியூயார்க் நகர மேயர் எரிக் ஆடம்ஸும் நகரக் கவுன்சில் சபாநாயகர் ஏட்ரியன் ஆடம்ஸும் பட்ஜெட்டுக்கு உடன்பட்டுக் கைகுலுக்கிய செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை கவுன்சிலும் அதை நிறைவேற்றிவிட்டது. 112.4 பில்லியன் டாலர் பட்ஜெட்டில் சின்னக் குழந்தைகளின் படிப்புக்கும் பராமரிப்புக்கும் 100 மில்லியன் டாலர் வந்திருக்கிறது, மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு நகரம் இலவசமாகத் தரும் த்ரீ-கே வகுப்பில் இடம் கேட்டுக் கிடைக்காமல் நின்ற வீடுகளுக்கு இடம் தருகிறோம் என்ற வாக்கும் வந்திருக்கிறது. மேயர் பட்ஜெட் வெட்டுகளை அறிவித்த 2023 நவம்பரிலிருந்து நாம் பட்ட பாட்டை இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை, இதைப் படிக்கிற பெரும்பாலானோர் கூடவே இருந்து பட்டவர்கள்தான். மனசு நிறைந்திருக்கும்போதே நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் நன்றி, முழுப் பெயர்கூட எனக்குத் தெரியாத ஓர் அம்மாவுக்கு.

மே மாதம் சிட்டி ஹாலில் பட்ஜெட் பற்றிப் பொதுமக்கள் பேசுகிற நாள். போனவர்களுக்குத் தெரியும், அன்றைக்கு நகரத்தின் எல்லாத் தேவைகளும் ஒரே அறையில் வந்து உட்கார்ந்திருக்கும். நூலகத்துக்காக வந்தவர்கள், பூங்காவுக்காக வந்தவர்கள், முதியோர் மையத்துக்காக, கல்லூரிக்காக, அப்புறம் நாங்கள். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், நாலைந்து பேராகக் கூப்பிடுவார்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம். கைதட்டக் கூடாது, பேசியது பிடித்திருந்தால் கையைத் தூக்கி ஆட்டலாம். நம் முறை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேலைக்குப் போகிற, சின்னப் பிள்ளை வைத்திருக்கிற ஒருவரால் அந்த நாற்காலியில் நாள் முழுக்க உட்கார முடியாது என்பது இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

நான் ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வாடகைக்கு அடுத்தபடியாக எங்கள் வீட்டின் பெரிய செலவு மகளின் டே கேர் என்பது, த்ரீ-கே கிடைக்காவிட்டால் செப்டம்பரில் நானோ கணவரோ வேலையை விட வேண்டியிருக்கும் என்பது, நாள் முழுக்க எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற டீச்சர் ஒருவர் தன் சம்பளத்தில் தன் பிள்ளையை அதே மையத்தில் சேர்க்க முடியாமல் பாட்டியிடம் விட்டுவிட்டு வருகிறார் என்பது. இவ்வளவுதான் இருந்தது அதில்.

மதியம் போய் மாலையும் ஆகிவிட்டது, என் பெயர் வரவில்லை. ஆறு மணிக்கு டே கேர் மூடிவிடும். கிராண்ட் சென்ட்ரல் போய் அங்கே 7 ரயிலுக்கு மாறி ஃப்ளஷிங் வரை போக வேண்டும், வழியில் ரயில் நின்றுவிட்டால் அவ்வளவுதான். வீட்டுக்காரருக்கு அன்று வேலையிலிருந்து நகர முடியாத நிலை. நான் ஃபோனில் மணி பார்த்துக்கொண்டே இருந்ததைப் பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா கவனித்திருக்கிறார். எழுபதுக்கு மேல் வயது இருக்கும். புரூக்ளினில் பிரவுன்ஸ்வில்காரர், கறுப்பின அம்மா, மடியில் நூலகப் புத்தகம் ஒன்று. நூலகத்துக்காகப் பேச வந்தவர். பட்ஜெட் வெட்டில் ஞாயிறு சேவையை நிறுத்தும்வரை வாராவாரம் கிராண்ட் ஆர்மி பிளாசா மத்திய நூலகத்துக்குப் போய் வருவாராம்.

“பிள்ளையைக் கூப்பிடப் போகணுமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பேச முடியாமல் போனாலும் 72 மணி நேரத்துக்குள் எழுத்தில் அனுப்பலாம், பரவாயில்லை என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். “எழுதி அனுப்பினால் என்றைக்காவது படிப்பார்கள். சத்தமாகப் படித்தால் இன்றைக்கே கேட்டாக வேண்டும். உன் தாளைக் கொடு, என் நேரத்தில் அதைப் படிக்கிறேன். என்னுடையதை நான் எழுதி அனுப்பிக்கொள்கிறேன்.”

எனக்குப் பேச்சே வரவில்லை. காலையிலிருந்து காத்திருப்பவர், கையில் தானே எழுதிய தாளை மடித்து வைத்திருப்பவர். அதுவும் அந்த அறையில் நாங்கள் எல்லோரும் கேட்பது ஒரே பணத்தை, ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறையும் என்று மாதக்கணக்காக எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வேண்டாம் என்றுதான் சொன்னேன். நூலகத்துக்குப் பேச இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றார். அப்புறம், 1975 நிதி நெருக்கடி சமயத்தில் நகரம் டே கேர் மையங்களை மூடியபோது தன் மகன் போய்க்கொண்டிருந்த மையமும் போய்விட்டது, அதோடு தான் பார்த்துக்கொண்டிருந்த ஆபீஸ் வேலையும் போனது, மறுபடி அந்த மாதிரி வேலை கிடைக்கப் பல வருடம் ஆனது என்றார். யாரிடமோ வழி சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். இதற்கு மேல் நான் என்ன மறுப்பது?

தாளை வாங்கி அங்கேயே ஒருமுறை வாய்க்குள் படித்துப் பார்த்தார். என் மகள் பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டு, சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். டீச்சரைப் பற்றிய வரியைக் காட்டி, இதை முதலில் வைக்கட்டுமா என்று அனுமதி கேட்டார். என் எழுத்து, என் வீட்டுக் கதை, அதில் ஒரு வரியை இடம் மாற்ற என்னிடம் கேட்கிறார்! நான் ஓடிப்போய் ரயிலைப் பிடித்தேன், மையம் மூடுவதற்குள் போயும் சேர்ந்தேன்.

கவுன்சில் கூட்டங்களின் வீடியோ பிறகு கிடைக்கும் இல்லையா, அதில் தேடிப் பார்த்தேன். என் தாளைப் படிப்பதற்கு முன் அவராக ஒன்று சேர்த்திருந்தார்: “இது பிள்ளையைக் கூப்பிடப் போக வேண்டியிருந்த ஒரு தாயின் வார்த்தை. எதனால் அவரால் இங்கே உட்கார முடியவில்லையோ, அதைச் சொல்லத்தான் அவர் வந்திருந்தார்.” அப்புறம் மகள் பெயரைத் தெளிவாகச் சொல்லி, டீச்சர் வரியில் ஆரம்பித்து, கடைசி வரைக்கும் படித்தார். மணி அடித்தும் நிறுத்தவில்லை, முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அறையில் கைகள் ஆடின. நூலகத்துக்காக வந்தவர்களின் கைகளும் அதில் இருந்தன. அந்த இடத்தை நானும் வீட்டுக்காரரும் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தோம்.

அம்மா, இது உங்கள் கண்ணில் படாது என்று தெரியும், தமிழில் எழுதுகிறேன். இதைப் படிக்கிற யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் சொல்லட்டும்: நூலகங்களுக்கும் இந்த பட்ஜெட்டில் 58.3 மில்லியன் டாலர் திரும்ப வந்திருக்கிறது, ஞாயிறு சேவையும் திரும்புகிறது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அவர் சொன்ன 1975 எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் போர்க்காலத்தில் தாய்மார்கள் வேலைக்குப் போவதற்காகத் திறந்த மையங்களுக்கு நாடு முழுக்கப் பணம் நின்றுபோனது. பெரும்பாலான ஊர்களில் மூடிவிட்டார்கள். இந்த நகரத்தில் தாய்மார்கள் தெருவில் இறங்கியதால் பொது டே கேர் பிழைத்தது. இப்போது கோவிட் காலத்து மத்திய அரசு நிதியை வைத்து த்ரீ-கேயை விரித்தார்கள், அந்த நிதி தீரப்போகிறது என்றதும் மறுபடி அதே இடத்தில் வந்து நின்றோம். ஒவ்வொரு முறையும் தற்காலிகப் பணத்தில் குழந்தைகளுக்கு ஒன்றைத் தொடங்குவது, பழகின பிறகு எடுப்பது, அம்மாக்கள் போய்க் கெஞ்சுவது. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. 2014-இல் எல்லோருக்குமான ப்ரீ-கே தொடங்கிய அந்த ஒரே செப்டம்பரில் 50,000-க்கும் மேற்பட்ட நான்கு வயதுப் பிள்ளைகளைச் சேர்த்த நகரம் இது. 2017-இல் த்ரீ-கே முதலில் வந்ததே தென் பிராங்க்ஸிலும் அந்த அம்மாவின் பிரவுன்ஸ்வில்லிலும்தான். செய்ய முடியும் என்று செய்து காட்டிய பிறகு, முடியாது என்று சொன்னால் எப்படி ஏற்பது? த்ரீ-கேயில் வேறு இடங்களில் காலி இடங்கள் இருக்கின்றனவே என்று சொன்னவர்களுக்கும் ஒன்று: மூன்று வயதுப் பிள்ளையைக் காலையில் நகரத்தின் வேறொரு பெரும்பகுதிக்கு, அதாவது வேறொரு பரோவுக்கு, கொண்டுபோய் விட்டுவிட்டு யார் வேலைக்குப் போய்ச் சேர முடியும்?

நான் பால்வாடியில் வளர்ந்தவள். ஊரில் அது இருக்கிறதா, இருக்குமா என்று என் அம்மா ஒருநாளும் கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. என் மகளுக்கும் அவ்வளவுதான் கேட்கிறேன்.

மற்றவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும், ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது. தெருவிலும் சிட்டி ஹால் படிகளிலும் எங்களைக் கூட்டி நிறுத்திய நியூயார்க்கர்ஸ் யுனைடெட் ஃபார் சைல்ட் கேர் அமைப்பினருக்கு. நகரத்திலிருந்து பணம் தாமதமானபோதும் கதவை மூடாத மையங்களுக்கும், அங்கே சமைப்பவர்கள், துடைப்பவர்கள், டயபர் மாற்றுபவர்கள் எல்லோருக்கும். எங்கள் டே கேர் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு, அதிலும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கவுன்சில் உறுப்பினருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தைப் பெங்காலியிலும் ஸ்பானிஷிலும் மாண்டரினிலும் எழுதித் தந்தவர்களுக்கு. ஃப்ளஷிங் கணேசர் கோயில் கேண்டீனில் தோசைக்கு வரிசையில் நின்றபடியே கையெழுத்துப் போட்ட மாமாக்கள், மாமிகள், மாணவர்கள், ஊரிலிருந்து பேரப் பிள்ளையைப் பார்க்க வந்து இங்கே ஆறு மாதமாக அந்தப் பிள்ளைக்கு டே கேராகவே இருக்கிற தாத்தா பாட்டிகள், உங்களுக்கெல்லாம். எங்கள் தொகுதி உறுப்பினர் அலுவலகத்தில் நான் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் அலுக்காமல் ஃபோன் எடுத்த அந்தத் தம்பிக்கு. சிட்டி ஹாலுக்குப் பேசப் போன நாளன்று என் வேலையையும் சேர்த்துப் பார்த்த சக ஊழியருக்கு.

வேலை முடிந்துவிடவில்லை. வந்த பணத்தில் எவ்வளவு அடுத்த வருடமும் தானாக வரும், எவ்வளவுக்கு மறுபடி போய் நிற்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளின் பெற்றோர் நம்மைவிட நீண்ட வரிசையில் நிற்கிறார்கள், அவர்களுக்கு இடம் கிடைக்கும்வரை நமக்குக் கிடைத்ததை வெற்றி என்று முழுசாகச் சொல்ல என்னால் முடியவில்லை. டீச்சர்களின் சம்பளம் இன்னும் பேசப்படவே வேண்டும். மகளுக்கு இடம் எந்த மையத்தில் என்று இனிமேல்தான் தெரியும், தெரிந்ததும் குழுவில் சொல்கிறேன்.

அடுத்த ஆண்டு அந்தப் பட்ஜெட் கூட்டத்தில் நான் நூலகத்துக்காகப் பேசப் போகிறேன். இரண்டு நிமிடத்தையும் அதற்கே கொடுப்பேன், நம் விஷயத்தை எழுத்தில் அனுப்புவேன். நாள் முழுக்க உட்கார விடுப்பும் கேட்டு வைப்பேன். யாராவது முன்னால் கிளம்ப வேண்டியிருந்தால் அவர்கள் தாளையும் வாங்கிக்கொள்வேன். கூட வர விருப்பமுள்ளவர்கள் இப்போதே சொல்லுங்கள், அன்றைக்கு யாருடைய பிள்ளையை யார் கூப்பிட்டுக்கொள்வது என்பதையும் சேர்த்தே பேசி வைத்துவிடலாம்.