கோடையில் நாயோடு ஊர் சுற்றக் கிளம்பும் மதுரைக்காரர்களுக்கு

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் நாய் வளர்க்கிற குடும்பங்களுக்கு வணக்கம்.

பரீட்சை முடிந்து பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு. கொடைக்கானலா, சுருளியா, இல்லை ராமேஸ்வரம் போய் அப்படியே தனுஷ்கோடியையும் பார்த்துவிட்டு வரலாமா என்று வீட்டுக்கு வீடு பேச்சு நடக்கிறது. பேச்சின் கடைசியில் நாயை என்ன செய்வது என்ற கேள்வி வரும். முன்பெல்லாம் பக்கத்து வீட்டில் சாவியையும் நாயின் சோற்றுச் சட்டியையும் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். இப்போது அதையும் கூட்டிக்கொண்டே போகலாம் என்று சொல்கிற வீடுகள் பெருகியிருக்கின்றன. எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். நானும் அப்படிக் கூட்டிப் போகிறவள்தான். செவலை என்று ஒரு சிப்பிப்பாறை நாயும், தெருவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சிட்டுவும் இல்லாமல் எனக்குக் கோடை விடுமுறையே கிடையாது.

உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். நாய் வருகிறது என்றால், பயணத்தின் நேரத்தை நாயை வைத்துக் குறியுங்கள். எங்கே போவது, எப்போது கிளம்புவது, எங்கே நிறுத்துவது, எத்தனை மணிக்குத் திரும்புவது எல்லாமே அதன் உடம்பு தாங்குகிறபடி இருக்கட்டும். நம் சௌகரியத்துக்கு எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுக் கடைசியில் நாயை வண்டியில் ஏற்றுவதுதான் வம்பாகிறது.

நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கிறது. நாய்க்கு வியர்வைச் சுரப்பி பாதத்தில்தான் உண்டு, அதுவும் பெரிதாக உதவாது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் அது உடம்புச் சூட்டை வெளியேற்ற வேண்டும். சாதாரணமாகவே அதன் உடம்புச் சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் இருக்கும். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. கத்திரி வெயிலில் மதுரை 40 டிகிரியைத் தொடுகிற நாளில், அது மூச்சு வாங்கி உள்ளே இழுக்கிற காற்றே அதன் உடம்பை விடச் சூடாக இருக்கிறது. பக், புல்டாக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இன்னும் சிரமம். ஹஸ்கி வைத்திருப்பவர்களுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, மே மாதத்தில் அது படுகிற பாட்டைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு எண்ணிப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியவில்லை என்றால் நாயை அதில் நடத்தக் கூடாது. மதுரையில் மே மாதம் காலை ஒன்பது மணிக்கே கையை எடுத்துவிடுவீர்கள்.

இதெல்லாம் நம் ஊருக்குப் புதிய விஷயமும் இல்லை. திருமங்கலத்துக்குத் தெற்கே அறுவடை முடிந்த காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்த ஒரு கீதாரியிடம், அதாவது ஊர் ஊராக ஆடு மேய்க்கிறவரிடம், பேசிக்கொண்டிருந்தேன். விடியுமுன் ஆட்டை ஓட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். வெயில் ஏறியதும் புளியமரத்தடியில் ஒதுங்கிவிடுகிறார்கள், பொழுது சாய்ந்த பிறகுதான் மறுபடி நடை. அவருடைய நாய் இரண்டும் மண்ணைக் கொஞ்சம் பறித்து, அடியில் குளிர்ந்திருந்த ஈரமண்ணில் வயிறு படும்படி படுத்திருந்தன. நான் கூப்பிட்டபோது காதைக்கூட அசைக்கவில்லை. "மத்தியானம் அதுகள எழுப்பக் கூடாது தாயி, ராத்திரி காவலுக்கு அதுகதான்" என்றார். நாயோடு வெளியே போகிற எவருக்கும் அந்தக் கால அட்டவணை போதும். காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை, அப்புறம் மாலை ஐந்தரைக்கு மேல். நடுவில் நிழல், தண்ணீர், தூக்கம்.

நேரத்தை இப்படி வைத்துக்கொண்டால் தூரமாகப் போக வேண்டிய அவசியமே பாதி குறைந்துவிடும். கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்தில், அய்யனார் கோயில் பக்கத்துத் தாமரைக் குளமும் ஆலமரங்களும் இருக்கிற இடத்துக்கு விடியற்காலையில் நாயோடு போய்ப் பாருங்கள். கோயில் வளாகத்துக்குள் வேண்டாம், சுற்றியுள்ள பாதையே போதும். மோந்து பார்க்க ஆயிரம் இருக்கிறது அதற்கு. ஆனால் வெயில் ஏறினால் பாறை தகிக்க ஆரம்பித்துவிடும், எட்டு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும்.

கண்மாய்க் கரைகளும் அப்படித்தான். தண்ணீர் வற்றிய கண்மாயில் காலையில் ஓடுகிற நாயைப் பார்ப்பதில் இருக்கிற நிறைவு எனக்கு வேறெதிலும் கிடைப்பதில்லை. செவலை ஓடும்போது முதுகு வில்லாக வளைந்து, நான்கு காலும் ஒருசேரத் தரையை விட்டு எழும். அதன் உடம்பு அதற்கென்றே அமைந்தது. ஆனாலும் இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வற்றிய கண்மாய் காலியான இடம் கிடையாது. ஆட்காட்டிக் குருவி மார்ச்சிலிருந்து அங்கேதான், வெறும் தரையில், நான்கு கற்களைக் கூட்டி வைத்துவிட்டு நடுவில் முட்டையிடுகிறது. மண் நிறத்தில் கரும்புள்ளி போட்ட முட்டை, காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. குருவி தலைக்கு மேலே கத்திக்கொண்டு பாய்ந்து பாய்ந்து விரட்டினால், நீங்கள் அதன் கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். உடனே நாயைக் கயிற்றில் பிடித்து, வந்த வழியே திரும்புங்கள். நான் எப்போதும் நீளமான பருத்திக் கயிறு ஒன்றைக் கொண்டு போகிறேன். நாய்க்கு ஓட இடமும் கிடைக்கும், பிடி நம் கையிலும் இருக்கும்.

அரிட்டாபட்டிக்கு நாயோடு போக ஆசைப்படுகிறவர்களும் இருக்கிறீர்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர். வல்லூறும் கழுகும் அந்தக் குன்றுகளில் கூடு கட்டுகின்றன. தேவாங்கும் எறும்புத்தின்னியும் அங்கே இருக்கின்றன. டங்ஸ்டன் சுரங்கம் வரக் கூடாது என்று அந்தக் கிராமத்து மக்கள் தெருவில் இறங்கிப் போராடி, 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்து செய்ய வைத்தார்கள். அவர்கள் அப்படிக் காப்பாற்றிய குன்றில் நாயை அவிழ்த்துவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அங்கே போனால் நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல ஆசை. இவ்வளவு அருமையான நாய்களில் கன்னி தவிர மற்றவை நம் பக்கத்து ஊர்களின் பெயரிலேயே இருக்கின்றன. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் விருதுநகர் மாவட்டம், கோம்பை தேனி மாவட்டம். 2005-ல் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ஒன்று ராஜபாளையம். குட்டை முடியும் ஒல்லி உடம்புமாக இந்த வெயிலுக்குப் பழகியவை என்பது உண்மைதான். அதற்காக மத்தியான வெயிலில் பைக்குக்குப் பின்னால் ஓட விட்டு வீடியோ எடுப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. பழகிய நாய்க்கும் பாதம் வேகும். அப்புறம், முயல். ஊரில் பல பேருக்கு அது பரம்பரை விளையாட்டு என்று எனக்குத் தெரியும். ஆனால் நாயை விட்டு முயல் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். துரத்துகிற வெறி இந்த நாய்களின் ரத்தத்தில் இருக்கிறது. மயிலோ முயலோ கண்ணில் பட்டுவிட்டால் உங்கள் குரல் அதன் காதில் விழாது. கயிறு இல்லாமல் இவற்றைக் காட்டோரம் கூட்டிப் போகவே கூடாது.

சரி, கொடைக்கானல்தான் போவோம் என்கிறீர்களா? போங்கள், குளிர்ச்சி நாய்க்கு நல்லதுதான். இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள், 2024 மே மாதத்திலிருந்து அது கட்டாயம். நாய்க்கு இடம் உண்டா என்று விடுதியில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே நாயின் சாப்பாட்டை முடித்துவிடுங்கள், வளைவுகளில் வாந்தி வராது. விடியற்காலையில் மதுரையை விட்டுக் கிளம்பினால் வெயிலுக்கு முன்பே மேலே போய்விடலாம். சிப்பிப்பாறைக்கு அங்கே ராத்திரி குளிரும், பழைய போர்வை ஒன்று வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது காட்டுமாடு. கொடைக்கானலில் அது காட்டுக்குள் மட்டும் இருப்பதில்லை, கடைத்தெருவிலும் விடுதி வாசலிலும் நிற்கிறது. மனிதர்களைப் பார்த்து அது அவ்வளவாக மிரள்வதில்லை. நாய் குரைத்தால் கதை வேறு. நாய் குரைத்துக்கொண்டே முன்னால் ஓடும், காட்டுமாடு தலையைக் குனியும், பயந்த நாய் திரும்பி நேராக உங்களிடமே ஓடி வரும். பின்னால் வருவது எத்தனை நூறு கிலோ என்று யோசித்துப் பாருங்கள். கொடைக்கானலில் விடுதி வாசலைத் தாண்டினால் நாய் கயிற்றில்தான் இருக்க வேண்டும். இருட்டிய பிறகு வெளியே விடவே வேண்டாம், சிறுத்தைக்கு நாய் சுலபமான இரை.

காட்டுக்குள் கூட்டிப் போகக் கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொடைக்கானலைச் சுற்றி 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம். மேகமலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. நம் நாயிடமிருந்து டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் செந்நாய்க்கும் மற்ற மிருகங்களுக்கும் தொற்றலாம். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்து செத்தபோது, அந்த வைரஸும் ஒரு காரணம் என்று தெரியவந்தது. ஆகவே ரேபிஸ் ஊசியோடு டிஸ்டெம்பர், பார்வோ தடுப்பூசிகளும் போட்ட அட்டை இல்லாமல் எங்கேயும் கிளம்பாதீர்கள். திரும்பி வந்ததும் காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள். உண்ணிக் காய்ச்சல் சில நாள் கழித்துத்தான் தலைகாட்டும்.

கம்பம் பள்ளத்தாக்கு வழியாகச் சுருளிக்குப் போகிறவர்கள் திராட்சைத் தோட்டத்தில் நிறுத்தாமல் இருக்க மாட்டார்கள். பன்னீர் திராட்சையை நீங்கள் ஆசை தீரச் சாப்பிடுங்கள், நாய்க்கு ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், எவ்வளவு தின்றால் கெடுக்கும் என்று எந்த மருத்துவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கீழே உதிர்ந்து கிடப்பதையும் பொறுக்க விடாதீர்கள். உலர்ந்த திராட்சைக்கும் இதே கதைதான்.

ரயிலில் போவதென்றால், ஏசி முதல் வகுப்பில் இரண்டு படுக்கை கூபேயோ நான்கு படுக்கை கேபினோ முழுவதும் உங்கள் பெயரில் இருந்தால் நாய் உங்களோடு வரலாம், பார்சல் ஆபீசில் அதற்குப் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கிற நாய்க்கூண்டுதான். மே மாதப் பகலில் அந்தக் கூண்டில் நாயை ஏற்றாதீர்கள். ராத்திரி வண்டிதான் சரி.

கடைசியாக, கார். நாற்கரச் சாலையோரத்து ஹோட்டல் ஒன்றில், பூட்டிய காருக்குள் ஒரு லேப்ரடார் நிற்பதைப் பார்த்தேன். கண்ணாடி விரற்கடை அளவு இறக்கியிருந்தது. நாக்கு அகலமாகி நுனி மேலே வளைந்திருந்தது, எச்சில் கெட்டியாக நூல் நூலாகத் தொங்கியது. உள்ளே குடும்பம் இலை போட்டு உட்கார்ந்திருந்தது. நாயின் மேல் பிரியம் இல்லாதவர்கள் இல்லை அவர்கள், விஷயம் தெரிந்ததும் அந்தப் பெண் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். வெயிலில் நிற்கிற காருக்குள் பத்தே நிமிடத்தில் சூடு 10 டிகிரி வரை ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பிரயோஜனம் இல்லை. நாயை நிழலுக்குக் கொண்டு வந்து, வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதத்திலும் குழாய்த் தண்ணீரை ஊற்றி, துண்டால் விசிறினோம். ஐஸ் தேடிக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள், கையில் கிடைக்கிற தண்ணீர் போதும். எழுந்து வாலாட்டினாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும், உள்ளுறுப்புப் பாதிப்பு பிறகுதான் தெரியும். நாயோடு போகும்போது எல்லோரும் சேர்ந்து சாப்பிட உட்காராதீர்கள். ஒருவர் மாற்றி ஒருவர் சாப்பிடுங்கள், இல்லையென்றால் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விடுங்கள்.

இந்த மே மாதம் நீங்கள் போட்டு வைத்திருக்கிற திட்டத்தை எடுத்து, காலை எட்டுக்கும் மாலை ஐந்தரைக்கும் நடுவில் நாய் எங்கே இருக்கும் என்று மட்டும் பாருங்கள். நிழலிலும் தண்ணீர்ப் பக்கத்திலும் இருக்கும் என்றால் தாராளமாகக் கூட்டிப் போங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால், அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் பழையபடி பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
செவலை, சிட்டு வீட்டுக்காரி,
மதுரை