ஒரு மணி நேரமாம்!

ஏற்காடு

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. முட்டி வலி என்று எழுதியிருக்கிறாய். இங்கேயும் அதே கதைதான். ஒண்டிக்கடை வரை நடந்தாலே நடுவில் ஒரு டீக்கடையில் உட்கார வேண்டியிருக்கிறது.

"சென்னையிலிருந்து சேலத்துக்கு ஃபிளைட்டில் ஒரு மணி நேரமாமே, நினைத்தால் வந்துவிடலாமே" என்று கேட்டாயே. போன மாதம் நானே அதில் வந்தேன். உன்னிடம் சொல்லாமல் வந்து போனதற்குத் திட்டாதே. தங்கை மகளுக்கு தி.நகரில் வளைகாப்பு, அன்று ராத்திரியே ரயில் ஏறிவிட்டேன்.

வரைபடத்தில் நூல் பிடித்தால் சேலத்திலிருந்து சென்னைக்கு 280 கிலோமீட்டர்தான் வரும். ரோட்டில் போனால் 340 பக்கம். இங்கே வருவது விசிறி வைத்த ஏ.டி.ஆர். விமானம். மணிக்கு 500 கிலோமீட்டர் வரை போகும். அப்படியென்றால் அரை மணி நேரம் போதுமே என்று நானும் கணக்குப் போட்டேன். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது, சென்னையில் வரிசையில் காத்திருப்பது எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது. ஏறினதும் ஜன்னலில் நம் மலை தெரிந்தது. அதற்கே கொடுத்த காசு சரியாகப் போயிற்று.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நடந்ததைக் கேள். விமானம் கிளம்ப நாலு மணி நேரம் இருக்கும்போதே வீட்டை விட்டுக் கிளம்பினேன். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அடிவாரம், அப்புறம் சேலம், அங்கிருந்து ஓமலூர் பக்கம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரம். போதாததற்கு செக்-இன் கவுன்ட்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுகிறார்கள். ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் நேர்கோட்டில் 15 கிலோமீட்டர் இருந்தால் அதிகம். அதற்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல்! மீனம்பாக்கத்தில் இறங்கி தி.நகர் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி நேரம் ஓடியிருந்தது. வந்தே பாரத் ரயில் சேலத்திலிருந்து நாலு மணி நேரத்துக்குள் சென்ட்ரலில் விட்டுவிடும். மலை இறங்குவதையும் சேர்த்தால், அதில் போயிருந்தாலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகியிருக்கும்.

திரும்பியது நம் ஏற்காடு எக்ஸ்பிரஸில்தான். பெயர்தான் ஏற்காடு, அது போவது ஈரோட்டுக்கு. "மலை மேல் எந்த ஸ்டேஷனில் இறங்கணும்?" என்று பக்கத்து பெர்த் பையன் கேட்டான். நாம் காலேஜில் சேர்ந்த வருஷம் நீ கேட்ட அதே கேள்வி.

உன் கணக்கு வேறு, அதைச் சொல்ல வேண்டும். குரோம்பேட்டையில் இருப்பவனுக்கு சென்ட்ரல் போவதுதான் பெரிய பயணம், விமான நிலையம் வாசலில் இருக்கிறது. அதனால் நீ ஃபிளைட்டிலேயே வா. ஆனால் டிக்கெட் போடும் முன் அன்றைக்கு ஃபிளைட் உண்டா என்று பார்த்துக்கொள். 2018-ல் ஆரம்பித்து, நடுவில் நின்றுபோய், 2023 அக்டோபரில்தான் மறுபடி வர ஆரம்பித்தது. நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

கமலாபுரத்துக்குக் காரோடு வந்துவிடுகிறேன். முன் சீட் உனக்குத்தான். மூன்றாவது வளைவிலேயே நீ தலையை வெளியே நீட்டினது இன்னும் மறக்கவில்லை. எலுமிச்சம்பழம் நான் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்ச் தோழன்