ஆதண்டைப் புதரையும் சேர்த்து வழிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் சீமைக்கருவேலம் அகற்றும் பணி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்த மரம் போகவேண்டியதுதான். எடுக்கும் விதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சாயல்குடிப் பக்கம், கடலோரப் பனங்காட்டை ஒட்டியது எங்கள் ஊர். ஊருணிக் கரையில் ஒரு ஆதண்டைப் புதர், அப்பத்தா காலத்திலிருந்தே ஒரு பனையைப் பற்றி ஏறிக் கிடந்தது. மாசி, பங்குனியில் கொப்பெல்லாம் பூ. மலர்ந்ததும் வெள்ளையாக இருக்கும். வாட வாடச் சிவந்துபோகும். ஒரே கொப்பில் இரண்டு நிறமும் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அப்புறம் காய். பறிக்கப் போனால் ஜோடி ஜோடியாக வளைந்த முள் சேலையை விடாது. பச்சையாக வாயில் வைக்க முடியாத கசப்பு. அதையே கீறி, உப்பு மோரில் ஊறப்போட்டு, பகலில் காயவைத்து, ராத்திரி மறுபடி அந்த மோரிலேயே போட்டு எடுத்து, வற்றலாக்கிப் பொரித்தால் கஞ்சிக்கு வேறெதுவும் வேண்டாம்.

போன வருடம் கரையைச் சுத்தம் செய்ய வந்த ஜேசிபி அரைநாளில் அதையும் வழித்துவிட்டது. பக்கத்தில் நின்ற விழுதிச் செடியும் உகா மரமும் போயின. ஓட்டியவரைக் குறை சொல்ல மனமில்லை, எது எந்தச் செடி என்று அவருக்கு யாருமே காட்டவில்லை. மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். வேர் மிச்சமிருந்த சீமைக்கருவேலம் தளிர்த்து நிற்கிறது. ஆதண்டையைக் காணோம்.

ஆதண்டையும் விழுதியும் ஒரே குடும்பம், கடுகுக்கு நெருங்கிய சொந்தம். கடுகில் இருக்கும் அந்தக் கார வாடையைத் தேடி வரும் சில வெள்ளை, மஞ்சள் பட்டாம்பூச்சிகள் இவற்றின் இலையில்தான் முட்டையிடும். அந்தப் புழுக்களுக்குச் சீமைக்கருவேல இலை ஆகாது.

தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்ட அந்நியத் தாவரக் கொள்கை, களையெடுத்த இடத்தில் இயற்கையை மீட்பதையும் சேர்த்தே பேசுகிறது. சரி, மீட்பதை இருக்கிற செடியைக் காப்பதிலிருந்து தொடங்கலாமே. வண்டி வருவதற்கு முதல்நாள், வற்றல் போடும் பெண்கள் இரண்டு பேரையோ ஆடு மேய்ப்பவர் ஒருவரையோ கூட்டிப்போய்க் கரையைச் சுற்றிவந்தால் போதும். அவர்கள் காட்டும் புதரில் ஒரு சிவப்புத் துணி கட்டி, அதைச் சுற்றி மட்டும் வண்டியை விடாமல், சீமைக்கருவேலத்தைக் கோடாரியால் வெட்டச் சொல்லலாம்.

எங்கள் கண்மாய்க்கரையில் இன்னும் மூன்று ஆதண்டை மிச்சம். அடுத்து வண்டி அங்கேதான் வரும் என்கிறார்கள். துணியோடு நான் தயாராக இருக்கிறேன். ஊராட்சி அனுமதித்தால் நாளைக்கே கட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாயல்குடி வட்டாரம்.