எழுந்தமானமாகப் பிரிப்பது அநீதி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

மருந்துப் பரிசோதனை ஒன்றில் தன் தாயாரைப் புது மருந்து பெறும் குழுவில் சேர்ப்பதா, மற்றக் குழுவில் சேர்ப்பதா என்று கணினி தீர்மானித்ததைப் பற்றி, சென்ற ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஒருவர் மனம் நொந்து எழுதியிருந்தார். டொக்டர் பார்த்து முடிவெடுக்க வேண்டியதை மெஷினிடம் விட்டுவிட்டார்களே என்ற அவரது கோபம் எனக்கு விளங்குகிறது. நான் ஓய்வுபெற்ற தாதி. அவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டொக்டரே தெரிவு செய்தால் என்ன நடக்கும்? ஒருவர், புது மருந்தைத் தாங்குவார் என்று தோன்றுகிற தெம்பான நோயாளிக்கே அதைக் கொடுப்பார். இன்னொருவர் இரக்கப்பட்டு மிக மோசமாக இருப்பவருக்குக் கொடுப்பார். இரண்டும் நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் ஒரு குழு தேறியது மருந்தாலா, ஆட்கள் முதலே தெம்பாக இருந்ததாலா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. எழுந்தமானமாக, அதாவது யாருடைய தெரிவும் இல்லாமல் சீட்டுக் குலுக்குவது போல, பிரித்தால் வயது, சீனி வருத்தம், பிரஷர், நமக்கே தெரியாத காரணங்கள்கூட இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பரவும். ஆட்கள் கூடக் கூட அந்தச் சமநிலையும் உறுதியாகும்.

1948இல் வெளியான பிரித்தானியக் காசநோய் ஆய்வை இதற்கு முன்னோடி என்பார்கள். அதை வகுத்த புள்ளிவிவர நிபுணர் பிராட்போர்ட் ஹில்லே இளமையில் காசநோயால் படுத்தவர். அதில் சோதித்த புது மருந்தான ஸ்ரெப்டோமைசின் அப்போது எல்லோருக்கும் கொடுக்கப் போதாது. 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு அந்நாளைய வழக்கப்படி ஓய்வு மட்டும். அடுத்து வருபவர் எந்தக் குழு என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது. ஆளைச் சேர்க்கலாம் என்று முடிவான பிறகே உறையைத் திறந்தார்கள். முதலே தெரிந்தால், 'இவரை இப்போது வேண்டாம், அடுத்த முறை பார்ப்போம்' என்று கை தானாகத் தடுமாறும். வார்டில் வேலை செய்த எவருக்கும் இது தெரியும். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும் மற்றக் குழுவில் 14 பேரும் இறந்தார்கள். அந்த ஆறு மாதத்தில் மருந்து உதவியது என்பது தெளிவானது.

நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. நஞ்சருந்தி வருபவர்களுக்கு மருத்துவக் கரி கொடுத்தால் அது நஞ்சை உறிஞ்சிவிடும், உயிர் தப்பும் என்றுதான் நினைத்திருந்தோம். இலங்கையில் 4,632 நோயாளிகளை எழுந்தமானமாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. கரி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இறப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. டொக்டர்களின் அனுபவத்தை மட்டும் நம்பியிருந்தால் இது வெளிச்சத்துக்கு வந்திராது.

கடிதம் எழுதியவரின் தாயார் ஏமாற்றப்படவில்லை என்றே நினைக்கிறேன். இரண்டில் எது நல்லது என்று உண்மையிலேயே தெரியாதபோதுதான் இப்படிப் பிரிக்கலாம். நல்ல சிகிச்சை ஏற்கெனவே இருந்தால் அதை மறுக்கக் கூடாது. விரும்பினால் எந்த நேரமும் விலகலாம், வழக்கமான வைத்தியத்துக்குக் குறை வராது.

ஆனால் ஒரு விடயத்தில் அவர் பக்கம் முழு நியாயம் இருக்கிறது. இதையெல்லாம் அந்த அம்மாவுக்கு யாரும் தமிழில் சொல்லவில்லை, கையெழுத்து மட்டும் வாங்கினார்கள் என்கிறார். அது பெரிய தவறு. கொழும்பில் ஆய்வு நடத்தும் வைத்தியசாலைகள் சம்மதப் படிவத்தை நல்ல தமிழில் தர வேண்டும். தமிழ் பேசும் தாதியோ டொக்டரோ பக்கத்தில் இருந்து, குழுவை யார், எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று வாயால் விளக்க வேண்டும். பிள்ளைகள் பார்க்க வரும் பின்னேரத்தில் அதைச் செய்தால் இன்னும் நல்லது.

ஓய்வுபெற்ற தாதி,
வெள்ளவத்தை, கொழும்பு 06