தரமணிக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள், நீங்களும் வாருங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் விடுமுறைக்குக் கிளம்பும் இன்று, அவர்கள் பையில் இந்தக் கடிதத்தையும் ஒரு ஒப்புதல் சீட்டையும் வைத்து அனுப்புகிறோம். பையின் அடியில் நசுங்கிக் கிடக்கும். தேடி எடுத்து, பொறுமையாகப் படித்துப் பாருங்கள்.

தரமணி சி.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தில் வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நடக்கவிருக்கும் சொற்பொழிவுகளுக்கும் கலை நிகழ்ச்சிகளுக்கும் 8, 9, 11 ஆம் வகுப்பு மாணவர்களை அழைத்துச் செல்ல முடிவு செய்திருக்கிறோம். பொங்கலுக்கு முன் இரண்டு சனிக்கிழமைகள், பொங்கலுக்குப் பின் ஒன்று, கடைசியாக பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். நேரமும் வகுப்புப் பிரிவும் சீட்டின் பின்பக்கத்தில் உள்ளன. பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் சேர்க்கவில்லை. பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில் அவர்களை மாலையில் வெளியே கூட்டிப்போனால் எனக்கு எத்தனை தொலைபேசி அழைப்புகள் வரும் என்பது எனக்குத் தெரியும்.

அந்த நிறுவனத்தின் வாசலைத் தினமும் பஸ்ஸில் கடந்து போகிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் ‘ஏதோ கம்ப்யூட்டர் ஆபீஸ்’ என்பதுதான் வழக்கமான பதில். அங்கே எந்தப் பொருளும் தயாராவதில்லை. கணிதமும் கோட்பாட்டு இயற்பியலும் கோட்பாட்டுக் கணினி அறிவியலும் கணினிவழி உயிரியலும் ஆராய்கிறார்கள். பெரும்பாலான அறைகளில் இருப்பது ஒரு கரும்பலகை, ஒரு மேசை, ஒரு கணினி, நிறைய காகிதம்.

அது பிறந்த கதையும் சுவையானது. அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் ஓர் இயற்பியலாளர். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் ஓராண்டு இருந்துவிட்டுத் திரும்பியவர், இங்கே அப்படி ஒன்று இல்லையே என்று புலம்பிக்கொண்டிருக்கவில்லை. மயிலாப்பூரில் தம் வீட்டிலேயே மாணவர்களை உட்காரவைத்துக் கருத்தரங்கு நடத்தத் தொடங்கினார். 1960இல் இந்தியா வந்த டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் அந்தச் சிறு குழுவைப் பார்த்துப் பாராட்டினார். அப்போது மாநிலக் கல்வி அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் துணை நின்றார். பிரதமர் நேருவும் இசைந்தார். 1962 ஜனவரி 3 அன்று மாநிலக் கல்லூரியில் நிறுவனம் தொடங்கப்பட்டது. தொடங்கி வைத்தவர் அதே கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர். அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அதன்பின் 21 ஆண்டுகள் ஆயின. ஒரு வீட்டில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தது அரசு நிறுவனமாக ஆனது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வசதி வந்தபின் படிக்கலாம் என்று காத்திருக்கிறவர்களுக்கு அது உதவும்.

முதல் சனிக்கிழமை ராமானுஜன் பற்றிய பேச்சு. சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் கணக்கராக இருந்தவர், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த கணிதப் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியவர் என்பது வரை எல்லோருக்கும் தெரியும். அவர் என்ன கண்டுபிடித்தார் என்று கேட்டால்தான் நாம் வாயடைத்துப் போகிறோம். அன்றைக்கு எடுத்துக்கொள்ளவிருக்கும் பொருளை நீங்கள் வீட்டிலேயே ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். 4 என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல்களாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து விதம். 9ஐப் பிரித்தால் 30 விதம். 14ஐப் பிரித்தால் 135. 19ஐப் பிரித்தால் 490. எல்லாமே ஐந்தால் வகுபடுகின்றன, கவனித்தீர்களா? 4இல் அல்லது 9இல் முடிகிற எந்த எண்ணை எடுத்தாலும் இப்படித்தான். பிரிட்டிஷ் பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்த மேக்மஹோன் என்பவர் 200 வரை கையாலேயே கணக்கிட்டுப் பட்டியல் போட்டு வைத்திருந்தார். அந்தப் பட்டியலைப் பலரும் பார்த்தார்கள். ராமானுஜன் கண்ணில்தான் அது பட்டது, ஏன் அப்படி என்று அவர்தான் நிறுவியும் காட்டினார். நூறு என்ற எண்ணைப் பிரிக்கும் விதங்கள் 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 என்பதையும் பேச்சாளர் சொல்வார். எண்ணிப் பார்க்க முயல வேண்டாம்.

இங்கே ஒரு வேண்டுகோள். ராமானுஜன் கல்லூரித் தேர்வில் தோற்றவர் என்ற ஒரு செய்தியை மட்டும் நம் பிள்ளைகள் மிக நன்றாக மனத்தில் வைத்திருக்கிறார்கள். மதிப்பெண் பட்டியலைக் கையெழுத்துக்கு நீட்டும்போது அதை எடுத்துவிடுவார்கள். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தவர் அவர் என்பதையும் அதே மூச்சில் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது சனிக்கிழமைதான் நான் ஆவலோடு காத்திருக்கும் நாள். மார்கழி முடிவதற்குள் வருவதால் அன்று காலை கோலத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. நிறுவன முற்றத்தில் கோலம் போடுவதும், அதன்பின் அதன் கணக்கைப் பற்றிய பேச்சும். கோலத்துக்கும் ஆராய்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு: 1970களில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் அவர்களோடு கமலா கிருதிவாசனும் கோலத்தைக் கணினி அறிவியலுக்குள் கொண்டுவந்தார்கள். ஒரு மொழிக்கு இலக்கணம் எழுதுவதைப் போலப் படங்களுக்கும் இலக்கணம் எழுத முடியுமா என்பது அவர்களுடைய கேள்வி. சில எளிய விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திச் சிறு கோலத்திலிருந்து பெரிய கோலத்தை உண்டாக்க முடியும் என்று காட்டினார்கள். 1974இல் வந்த அவர்களுடைய கட்டுரை உலகெங்கும் அத்துறையினர் எடுத்துப் பேசும் கட்டுரை. நம் தெருவில் தண்ணீர் தெளித்து முடிப்பதற்குள் கைகள் போட்டுவிடும் ஒன்றைப் பற்றியது அது.

இதையும் நீங்கள் வாசலில் செய்து பார்க்கலாம். நேர்ப்புள்ளியாகக் குறுக்கே 3, நெடுக்கே 4 என்று 12 புள்ளிகள் வையுங்கள். அவற்றைச் சுற்றி நெளிக்கோலம் போடுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கும் நடுவே இழைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போக வேண்டும், ஓரத்துக்கு வந்தால் மட்டும் வளைந்து திரும்ப வேண்டும். கையை எடுக்காமல் போட்டுக்கொண்டே போனால் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வீர்கள். ஒரே இழை. இப்போது 4க்கு 6 வைத்துப் போடுங்கள். ஒரே இழையில் முடியாது, இரண்டு தேவைப்படும். 5க்கு 5 என்றால் ஐந்து இழைகள். எத்தனை இழை வரும் என்பதை மாவை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடலாம். அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணிதான் விடை. ஆறாம் வகுப்பில் உங்கள் பிள்ளை ‘இது எதுக்குப் பயன்படும்?’ என்று சலித்துக்கொண்டே போட்ட அதே கணக்கு. பாட்டிமார்கள் 5க்கு 5 வைத்தும் ஒரே இழையில் முடித்துக் காட்டுவார்களே என்று நீங்கள் கேட்கலாம். முடிப்பார்கள். நடுவில் சில இடங்களில் இழையை வெட்டவிடாமல் திருப்பிவிடுவார்கள். எங்கே திருப்பினால் இழைகள் ஒன்றாகும் என்பது அவர்களுக்குக் கை அறிந்த கணக்கு.

ஆகவே இந்த நிகழ்ச்சிக்கு முன்னால் எங்களுக்கு உங்கள் உதவி தேவை. பள்ளி திறந்த முதல் வாரம் வெள்ளிக்கிழமை பிற்பகல், நெளிக்கோலம் நன்றாகப் போடத் தெரிந்த அம்மாக்களும் பாட்டிகளும் பள்ளிக்கு வந்து பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும். ஸ்டிக்கர் கோலம் ஒட்டிப் பழகிய வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் புள்ளி வைக்கவே தடுமாறுகிறார்கள். ஆண்பிள்ளைகளும் போடுவார்கள். அதைப் பற்றி யாரும் என்னிடம் பேச வர வேண்டாம்.

பொங்கல் முடிந்து வரும் சனிக்கிழமை மிருதங்க நிகழ்ச்சி. வாசிப்பும் விளக்கமும் கலந்தது. சி.வி. ராமன் என்றால் ஒளிச்சிதறல்தான் பாடநூலில் இருக்கிறது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1920இல், கல்கத்தாவில் இருந்தபோது சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து நம் நாட்டுத் தோற்கருவிகளைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதியிருக்கிறார். வீணைத் தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு அதைப் போல 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரங்களும் சேர்ந்தே எழும். அதனால்தான் காதுக்கு இனிமை. சாதாரணமாகத் தோல் போர்த்திய பறையில் அப்படி வராது. 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் வரும். அதனால் அதில் தாளம் உண்டு, சுருதி கிடையாது. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவே கல்பொடியையும் சோற்றையும் குழைத்து அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றிய கரணை, அந்த ஒழுங்கில்லாத மேற்சுரங்களை இழுத்து முழு மடங்குகளில் நிறுத்துகிறது. முதல் ஐந்து சுரங்கள் தந்தியில் வருவதைப் போலவே அமைந்துவிடுகின்றன. தோலின் மேல் நுண்மணலைத் தூவித் தட்டி, மணல் எங்கே கோடுகளாகத் திரள்கிறது என்று பார்த்து ராமன் இதை விளக்கினார். அன்று மேடையிலும் மணல் தூவிக் காட்டப் போகிறார்கள்.

எங்களுக்கு வந்த அழைப்பில் என்னை மகிழ்வித்த இன்னொன்று, மிருதங்கம் கட்டும் தொழிலாளி ஒருவரும் பேசவிருக்கிறார் என்பது. ராமன் விளக்கியது இவர்களுடைய முன்னோர் செய்து முடித்துவிட்ட வேலையை. தோலைத் தேர்ந்து, வார் பிடித்து, கரணை ஏற்றி, தட்டிக் கேட்டு, மறுபடி ஏற்றிச் சரிசெய்கிறவர்களின் பெயரைக் கச்சேரி அழைப்பிதழ்களில் நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் அவரிடம் கேள்விகள் கேட்க வேண்டும் என்று இசை ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 28 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1928இல் ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள். 1987 முதல் தேசிய அறிவியல் நாள். அன்று ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் வேலையைப் பலகைகளில் விளக்குவார்கள், பிள்ளைகள் சுற்றிப் பார்க்கலாம். அந்தக் கண்டுபிடிப்பில் ராமனோடு உழைத்த கே.எஸ். கிருஷ்ணன் நம் விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பைச் சேர்ந்தவர். அவர் பெயரை அறியாமல் எந்தப் பிள்ளையும் பஸ் ஏறக்கூடாது என்பது என் கட்டளை.

முந்தைய ஆண்டுகளில் இதுபோன்ற பயணங்களின்போது கேட்கப்பட்ட சில கேள்விகளுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் கிடையாது. மதிப்பெண் கிடையாது. நீட் தேர்வுக்கும் ஜே.இ.இ. தேர்வுக்கும் நேரடியாக எந்தப் பயனும் கிடையாது. சுற்றிவளைத்து உண்டு என்று சொல்லி உங்களைச் சம்மதிக்கவைக்கவும் நான் விரும்பவில்லை. போய் வந்ததும் கட்டுரை எழுதச் சொல்ல மாட்டோம். ‘உனக்கு என்ன புரிந்தது?’ என்று வீட்டில் நிற்கவைத்துக் கேட்காதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சில் பத்து நிமிடம் புரிந்தால் போதும் என்றுதான் கூட்டிப்போகிறோம். மீதி ஐம்பது நிமிடம் தனக்குப் புரியாத ஒன்றை இன்னொருவர் கண்கள் விரியப் பேசுவதைப் பார்ப்பதும் படிப்புதான்.

ஆங்கிலம் புரியுமா என்ற கவலை நியாயமானது. கோலம், மிருதங்கம் இரண்டும் தமிழில் நடக்கும். ராமானுஜன் பேச்சு ஆங்கிலத்தில். அதற்கு முந்தைய நாள் கணித ஆசிரியர்கள் அதே பொருளைத் தமிழில் ஒரு மணி நேரம் நடத்திவிடுவார்கள். கேள்வி நேரத்தில் தமிழில் கேட்கலாம். ‘தப்பாகப் பேசிவிடுவேனோ’ என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று நீங்களும் சொல்லி அனுப்புங்கள்.

நிகழ்ச்சிகளுக்குக் கட்டணம் இல்லை. பள்ளி பஸ் செலவைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஏற்கிறது. மாலை நிகழ்ச்சிகளுக்கு 3.30க்குப் பள்ளியிலிருந்து கிளம்பி இரவு 8 மணிக்குள் திரும்புவோம். கிளம்பும்முன் சுண்டலும் டீயும் தருவோம். கோல நாளில் காலை 6.30க்கே பஸ் கிளம்பும், காத்திருக்காது. ஒவ்வொரு பஸ்ஸிலும் இரண்டு ஆசிரியைகள் இருப்பார்கள். பெண்பிள்ளைகளைப் பள்ளி வாசலில் வீட்டார் ஒருவர் வந்து கையெழுத்திட்டு அழைத்துச் செல்ல வேண்டும். அண்ணன் நண்பன், தெருக்கோடிக் கடைக்காரர் ஆகியோரிடம் அனுப்ப மாட்டோம். ஆஸ்துமா, வலிப்பு போன்றவை இருந்தால் சீட்டில் மறைக்காமல் எழுதுங்கள். அந்தத் தகவல் என்னையும் வகுப்பாசிரியரையும் தாண்டிப் போகாது. கைபேசி வேண்டாம். அடையாள அட்டை கட்டாயம். வாயிலில் பெயர்ப் பட்டியல் சரிபார்த்துத்தான் உள்ளே விடுவார்கள் என்பதால் கடைசி நாளில் பெயர் சேர்க்க முடியாது.

பஸ் ஒன்றுக்குப் பத்து இருக்கைகளைப் பெற்றோருக்காக ஒதுக்கியிருக்கிறோம். படித்தவர்கள்தான் வர வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். ராமானுஜன் மாலைக்கு அப்பாக்களும், மிருதங்க மாலைக்குத் தாத்தாக்களும் வந்தால் மகிழ்வேன். வருகிறவர்கள் தங்கள் பெயரையும் எந்த நாள் என்பதையும் அதே சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டு, பள்ளி திறக்கும் முதல் நாளே வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். கோலம் கற்றுத்தர வருகிறவர்கள் அரிசி மாவு கொண்டுவர வேண்டியதில்லை, மதிய உணவுக்கூடத்தில் சொல்லி வைத்திருக்கிறோம்.

விடுமுறையில் பிள்ளைகளை நன்றாகத் தூங்கவிடுங்கள். அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துகளும் முன்கூட்டியே பொங்கல் வாழ்த்துகளும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்