லிட்டருக்கு ஏழரை: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய பங்க் பில்களையும் மீட்டர் படங்களையும் பார்த்தேன். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245, முழுக்கக் கோவைக்குள்ளேயே ஓட்டம், லிட்டருக்கு ஏழரை கி.மீ. "இன்ஜின்ல ஏதோ கோளாறுங்ண்ணா" என்று எழுதியிருக்கிறாய். அதைவிட என்னைக் கலங்க வைத்தது உன் கடைசி வரிதான். யாரோ ஒரு டியூனர், பெட்ரோலைக் குறைத்து 'லீன்' கலவையாக ரிமேப் செய்தால் (இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கை மாற்றி எழுதினால்) 12 வரும் என்று சொன்னாராம், இந்த வாரமே வண்டியைக் கொடுக்கட்டுமா என்கிறாய். கொடுக்காதே. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி) உள்ள பெட்ரோல் வண்டி வாங்கிய பலர் இதே இடத்தில் வந்து நிற்கிறார்கள், அதனால்தான் பொதுவிலேயே எழுதுகிறேன்.

ஏழரை குறைவுதான். ஆனால் அதை வைத்து மட்டும் கோளாறு என்று சொல்லிவிட முடியாது. உன் தினசரி ஓட்டம் அவிநாசி ரோட்டில், சிக்னலுக்குச் சிக்னல். ஆள் ஏறினால் வண்டி ஒன்றரை டன். அதை நின்ற இடத்திலிருந்து 60 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோக மட்டும் 25 மில்லிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் செலவாகிறது. அடுத்த சிக்னலில் பிரேக் மிதித்ததும் அவ்வளவும் பிரேக் டிஸ்க்கில் சூடாகிப் போய்விடும். இப்படி ஏறத்தாழ 40 முறை செய்தால் ஒரு லிட்டர் காலி, நீ போன தூரம் எவ்வளவாக இருந்தாலும் சரி. 60-க்குப் பதிலாக 80 வரை விரட்டிவிட்டு நிறுத்தினால் ஒவ்வொரு முறைக்கும் ஆகும் செலவு முக்கால் பங்குக்கும் மேல் கூடும். இதில் டர்போவின் பங்கு எதுவும் இல்லை. வெறும் எடையும் வேகமும்தான்.

டர்போவின் கதை வேறு. உன் வண்டி 245 குதிரைத்திறன் கொண்டது. ஆனால் சமதளத்தில் சீராக 100-இல் போக அதற்குத் தேவைப்படுவது சுமார் 18 குதிரைத்திறன். அந்த நேரத்தில் டர்போ மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும், பூஸ்ட் (திணித்த காற்றின் அழுத்தம்) என்று ஒன்றும் இருக்காது, 2 லிட்டர் இன்ஜின் சாதாரண குடும்ப வண்டி போலத்தான் நடந்துகொள்ளும். சுத்தமான பெட்ரோல் என்றால், எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கில் கலவை போகும். ஆக்ஸிலரேட்டரை நீ அழுத்தி மிதிக்கும்போதுதான் எல்லாம் மாறுகிறது. டர்போ காற்றைத் திணிக்கும், திணித்த காற்றுக்கு ஏற்ப இன்ஜெக்டர் பெட்ரோலை ஊற்றும். முழு மிதியில் அந்தக் கணக்கையும் தாண்டி ஊற்றும், 12 பங்கு காற்றுக்கே ஒரு பங்கு பெட்ரோல் என்ற அளவுக்கு.

அந்தக் கூடுதல் பெட்ரோல் எரிந்து சக்தியாவதற்காக ஊற்றப்படுவதில்லை. வெயிலில் கொதிக்கும் சிமென்ட் தரையில் தண்ணீர் தெளிப்பது போல, அது ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. டர்போவில் புகை சுழற்றும் சக்கரமான டர்பைனுக்குள் நுழையும் புகை ஆயிரம் டிகிரி செல்சியஸை நெருங்கும். அதற்கு மேல் போனால் டர்பைன் சக்கரமும் எக்ஸாஸ்ட் வால்வும் தாங்காது. பிஸ்டனுக்கு மேலே கலவை தானாக வெடித்து 'நாக்' ஆகும் ஆபத்தும் உண்டு. இந்த இரண்டையும் அடக்கி வைக்கத்தான் இன்ஜின் பெட்ரோலைச் செலவழிக்கிறது. உன் வண்டியில் இருக்கும் இஏ888 மூன்றாம் தலைமுறை இன்ஜினில் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையே சிலிண்டர் ஹெட்டுக்குள் வைத்து, சுற்றிலும் கூலன்ட் ஓடும்படி அமைத்திருக்கிறார்கள். புகை அங்கேயே கொஞ்சம் குளிர்ந்துவிடுவதால் பெட்ரோலை ஊற்றிக் குளிர்விக்க வேண்டிய தேவை குறைகிறது. எனக்கு இந்த இன்ஜின் மேல் தனி மரியாதை வந்ததே இதனால்தான். அப்படியும் முழுச் சக்தியில் நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் போகும். 50 லிட்டர் டேங்க் முக்கால் மணி நேரம் தாங்காது. நல்லவேளை, நம் சாலைகளில் முழுச் சக்தியைச் சில நொடிகளுக்கு மேல் யாராலும் தொடர்ந்து கேட்க முடியாது.

இப்போது அந்த டியூனர் சொன்னதை யோசித்துப் பார். நீ சாதாரணமாக ஓட்டும் நேரம் முழுக்க ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துப் பார்த்துக் கலவையை முன்பு சொன்ன சரியான கணக்கிலேயே வைத்திருக்கிறது. புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய அது கட்டாயம். அங்கே அவர் குறைக்கப் போவது எதுவும் இல்லை. அவரால் குறைக்க முடிந்த ஒரே இடம் முழு மிதிதான், அங்கே ஊற்றும் பெட்ரோல்தான் இன்ஜினின் உயிரைக் காக்கிறது. அதில் கை வைத்தால் மைலேஜ் ஏழரையிலிருந்து எட்டைக்கூடத் தொடாது, ஆனால் பிஸ்டனில் வளையத்தைத் தாங்கும் ரிங் லேண்ட் உடையும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும். இந்தியாவுக்கு 200 வண்டிகள் மட்டுமே வந்த மாடல் இது. இன்ஜினைப் பிரித்து அடுக்க ஆகும் செலவில் எத்தனை வருஷப் பெட்ரோல் போடலாம் என்று கணக்குப் போட்டுப் பார். நேர்மையான டியூனர் யாரும் மைலேஜைக் காட்டி ரிமேப்பை விற்க மாட்டார்.

டர்போ என்றாலே பெட்ரோல் குடிக்கும் என்று உன் நண்பர்கள் சொல்வதும் பாதிதான் உண்மை. 1980-களின் ஃபார்முலா ஒன் பந்தயங்களில் டர்போ கார்கள் பெட்ரோலை ஊற்றியே குளிர்ந்தன. அதனால்தான் 1984-இல் ஒரு பந்தயத்துக்கு 220 லிட்டர் என்று வரம்பு வைத்து, நடுவில் நிரப்புவதையும் தடை செய்தார்கள். அடுத்த வருஷம் இத்தாலியின் இமோலாவில் முன்னணியில் போய்க்கொண்டிருந்த பந்தய ஓட்டுநர் அயர்டன் சென்னா கடைசிச் சில சுற்றுகளில் பெட்ரோல் தீர்ந்து நின்றார். அவரைத் தாண்டி முதலிடத்துக்கு வந்த யோஹான்சனும் அப்படியே நின்றார். ஆனால் 2014-இல் அதே ஃபார்முலா ஒன் ஒரு பந்தயத்துக்கு 100 கிலோ பெட்ரோல் என்று சட்டம் போட்டபோது, அந்த வரம்புக்குள் ஓடத் தேர்ந்தெடுத்ததும் டர்போவைத்தான், 1.6 லிட்டர் வி6. புகையோடு வீணாகும் சக்தியைத் திரும்பப் பிடிக்கும் கருவி அது. எப்போது, எவ்வளவு கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பெட்ரோல் பற்றியும் கேட்டிருந்தாய். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆக இந்தக் கலவையில் சுத்தமான பெட்ரோலைவிட ஆறேழு சதவீதம் சக்தி குறைவு. உன் ஏழரையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு, நீ ஒன்றும் செய்ய முடியாது. 95 ஆக்டேனுக்கு (நாக் ஆகாமல் தாங்கும் திறனின் அளவு) கீழே மட்டும் இறங்காதே. இறங்கினால் நாக் சென்சார் பற்றவைக்கும் நேரத்தைத் தள்ளிப்போடும், புகை இன்னும் சூடாகும், அதைக் குளிர்விக்க மேலும் பெட்ரோல் போகும். அதற்காக 100 ஆக்டேன் போட்டால் மைலேஜ் எகிறும் என்றும் நம்பாதே. ரிமேப் செய்யாத வண்டிக்கு அது வீண் செலவு.

சரி, என்ன செய்யலாம்? ஊருக்குள் கியர்பாக்ஸின் எஸ் (ஸ்போர்ட்) மோடை விட்டு டி-க்கு (டிரைவ்) வா. எஸ் மோடில் கியர்பாக்ஸ் கீழ் கியரையே பிடித்துக்கொண்டு இன்ஜினைக் கத்த வைக்கும். 1,600 ஆர்பிஎம்மிலேயே 370 நியூட்டன் மீட்டர் இழுவை கொடுக்கும் வண்டிக்கு அது தேவையே இல்லை. சிவப்பு சிக்னலைத் தூரத்தில் பார்த்ததும் காலை எடுத்துவிட்டு கியரிலேயே உருளவிடு. அப்போது இன்ஜெக்டர் முழுவதும் மூடிவிடும், ஒரு சொட்டுப் பெட்ரோலும் போகாது. நியூட்ரலில் போட்டால் ஐடில் ஓடுவதற்குப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். சேலம் போகும்போது 120-ஐ 100 ஆக்கினால் காற்றைக் கிழிக்கும் வேலை எவ்வளவோ குறையும். அதே தூரத்துக்கு 120-இல் 30 சதவீதம் வரை கூடுதல் சக்தி வேண்டும். இதெல்லாம் செய்தால் ஊருக்குள் எட்டு, ஒன்பது, நெடுஞ்சாலையில் 13, 14 வரும். அதற்கு மேல் இந்த வண்டியிடம் கேட்காதே.

பந்தயத் தடமான காரி மோட்டார் ஸ்பீட்வேக்கு எடுத்துப் போகும் நாளில் மைலேஜ் பக்கத்தையே திறக்காதே. அன்றைக்கு நாலு காட்டினாலும் நியாயம்தான். 6.6 நொடியில் நூறைத் தொடும் வண்டியை நீ வாங்கியதே அதற்காகத்தானே.

கோளாறு இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகத்தை ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். டயர் காற்றைக் காலையில் வண்டி சூடாகும் முன் பார். கூலன்ட் அளவையும் பார். இந்த இன்ஜினில் வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கும் கசிவது தெரிந்த பலவீனம். தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டால் இன்ஜின் சரியாகச் சூடேறாது, பெட்ரோல் கூடுதலாகப் போய்க்கொண்டே இருக்கும். டர்போ திணிக்கும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் கசிவு இருந்தால் டர்போ கூடுதலாகச் சுற்றி ஈடுகட்டப் பார்க்கும், அதையும் பார்க்கச் சொல். அப்புறம் ஒரு ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம், அதாவது பெட்ரோல் அளவை இன்ஜின் எத்தனை சதவீதம் திருத்திக்கொண்டிருக்கிறது என்ற எண், எவ்வளவு என்று படி. கூட்டலோ கழித்தலோ ஐந்துக்குள் இருந்தால் கலவைக் கணக்கில் பிரச்சினை இல்லை. பத்தைத் தாண்டினால் சென்சாரிலோ காற்றுப் பாதையிலோ இன்ஜெக்டரிலோ கோளாறு இருக்கிறது, அதைத் தேடிச் சரிசெய்யத்தான் வேண்டும்.

அடுத்த முறை டேங்க் நிரப்பும்போது பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்பி ரீடிங் எழுதிக்கொள். மறுபடி அதே பங்க்கில் அதே மாதிரி நிரப்பி வகுத்துப் பார். டேஷ்போர்டு காட்டும் எண்ணை எடுத்துக்கொள்ளாதே. அந்தக் கணக்கையும் ட்ரிம் எண்ணையும் எனக்கு அனுப்பு. அதுவரை வண்டியை யாரிடமும் ரிமேப்புக்குக் கொடுக்காதே.

அன்புடன்,
அண்ணன்