ஊருணிச் செம்பருந்தும் பெரிய வீட்டுக் கூகையும்

அனைவருக்கும் வணக்கம். ஊருணிக்கரை அரசமரத்தில் செம்பருந்து இந்த வருடமும் கூடு வைத்திருக்கிறது. பழைய கூட்டின் மேலேயே புதுச் சுள்ளிகள், நடுவில் கிழிந்த துணி ஒன்று. அடைகாக்கவே நான்கு வாரம் போல ஆகும். குஞ்சு பறக்க அதற்கு மேலும் ஏழெட்டு வாரம். அதுவரை மரத்தடியில் கூட்டம் வேண்டாம், டிரோன் வேண்டவே வேண்டாம். எதிர்க்கரைப் படித்துறையிலிருந்து பைனாகுலரில் பார்த்தால் போதும். தேதி, நேரம், பார்த்தது இவற்றை இந்தக் குழுவில் எழுதுங்கள். இடம் தெரியும்படி படத்தை வெளியே பகிராதீர்கள்.

அப்புறம் கூகை என்கிற ஆந்தை. பூட்டிக் கிடந்த பெரிய வீட்டில் மராமத்து தொடங்குகிறது. இரண்டாங்கட்டு மாடத்தில் குஞ்சுகள் சீறுவது முற்றம் வரை கேட்கிறது. கீழே கூகை கக்கிய கறுத்த உருண்டைகள்; உதிர்த்தால் முடியும் எலி மண்டையோடும். இப்படி எலி பிடிப்பதைப் பார்த்த பிறகும் கூகையை அபசகுனம் என்பவர்களிடம் என்ன சொல்ல! அந்தப் பக்க வேலையைத் தள்ளிவைக்க வீட்டு ஆச்சி சம்மதித்துவிட்டார். எலி விஷம் வைக்க வேண்டாம் என்று கொத்தனாரிடமும் சொல்லுங்கள். விஷம் தின்ற எலியைத் தின்றால் கூகையும் செத்துப்போகும்.

யாராவது கூட்டைக் கலைக்க வந்தால், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்று பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். விழுந்த குஞ்சுக்குச் சோறு, பால் எதுவும் ஊட்டாமல் அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.